துவக்கைத் தூக்கியதும் கீழே வைக்காததும்: மட்டக்களப்பு – அம்பாறை நாட்குறிப்பு

முதல் நாள்: புளியந்தீவு, கோட்டை

ஆட்கள் ஏன் படைக்குப் போகிறார்கள், போனவர்கள் ஏன் அங்கேயே நிற்கிறார்கள்? இந்த இரண்டு கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டு இரு மாவட்டங்களையும் பார்ப்பதற்கான பயணம் இது. பெரும்பாலான பேச்சுகளில் இரண்டையும் ஒரே கேள்வியாகக் குழைத்துவிடுகிறோம். போகவைக்கும் காரணம் வீட்டிலும் ஊரிலும் முளைக்கிறது. நிற்கவைக்கும் காரணம் முகாமுக்குள் போன பிறகுதான் உண்டாகிறது. கிழக்கு மாகாணத்தில் இந்த வேறுபாட்டுக்கு நானூறு வருடச் சான்று கிடக்கிறது. அதற்கு மட்டக்களப்புக் கோட்டையிலிருந்து தொடங்குவதுதான் சரி.

வெயில் ஏறுமுன் போனால் கொத்தளத்தின் மேல் நின்று வாவியை நிதானமாகப் பார்க்கலாம். போர்த்துக்கேயர் 1628இல் கட்டியது. 1638 மே மாதம் ஒல்லாந்தர் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையோடு பிடித்தார்கள். இலங்கையில் அவர்கள் கைக்கு வந்த முதல் கோட்டை இதுவே. அதற்கு இரண்டு மாதம் முன்பு, மார்ச் 28ஆம் திகதி, கன்னொறுவையில் போர்த்துக்கேயப் படை அழிந்திருந்தது. அந்தப் படையில் வெள்ளைக்காரர் சில நூறு பேர்தான். மீதிப் பேர் லஸ்கரின்கள் எனப்பட்ட உள்நாட்டுப் படையாட்கள். சண்டை நெருங்கியதும் அவர்களில் பெரும்பகுதியினர் விலகிவிட்டார்கள். 1630இல் ரந்தெனிவெலவிலும் இதே கதைதான்.

லஸ்கரினுக்குக் கூலி காசாக வரவில்லை, காணியாக வந்தது. காணியை உழுது உண்ணலாம். அழைப்பு வந்தால் ஆயுதத்தோடு போய் நிற்க வேண்டும். சண்டை ஊருக்குக் கிட்ட, சில வாரத்தில் முடிகிறது, அறுவடைக்கு வீடு திரும்பலாம் என்றால் இந்த ஏற்பாடு நன்றாக ஓடும். படையெடுப்பு மலைநாட்டுக்குள் நீண்டால் வயல் பாழாகும். அதிகாரி காணியை வேறு ஆளுக்கு எழுதிவிட்டால் சேவைக்கு அர்த்தமே இல்லாமல் போகும். எதிர்ப்பக்க மன்னன் “உன் காணி உனக்கே” என்று சொல்லியனுப்பினால் மாறுவதற்கு ஒரு இரவு போதும். போர்த்துக்கேயர் இதைத் துரோகம் என்று எழுதிவைத்தார்கள். காணியை நம்பி வந்தவன் காணி எந்தப் பக்கம் பாதுகாப்பாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போனான். அதைப் புரிந்துகொள்ளப் பெரிய அறிவு தேவையில்லை.

ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சிப்பாய்க்கு மாதம் ஏறக்குறைய 9 கில்டர் (ஒல்லாந்தக் காசு). கப்பலேறுமுன் இரண்டு மாதச் சம்பளம் முன்பணம். ஐந்து வருட ஒப்பந்தம், கப்பல் பயணக் காலம் அதற்கு வெளியே. ஆட்களில் பலர் ஜேர்மன் சிற்றரசுகளின் ஏழைகள். துறைமுகத்தில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் சோறும் படுக்கையும் கொடுத்த விடுதிக்காரனுக்கு அவர்கள் 150 கில்டர் வரை கடன் சீட்டு எழுதிக்கொடுத்தார்கள். அந்தக் கடன் சம்பளத்திலிருந்து கழிக்கப்பட்டது. ஆகவே முதல் வருடங்களின் உழைப்பு வேறொருவன் பைக்குப் போனது. ஓடிப்போகவும் வழியில்லை, சுற்றிலும் கடல். இப்படி வந்தவர்கள் தேடிப் பிடிக்கப்பட்ட வீரர்கள் என்பதை விடக் கடனில் மாட்டியவர்கள் என்பது பொருந்தும்.

1795இல் நடந்தது இன்னும் தெளிவானது. கம்பனியின் சேவையில் இலங்கையில் நின்ற சுவிஸ் படைப்பிரிவான டி மூரோன் ரெஜிமென்ட், அதன் உரிமையாளரான பிரபு ஐரோப்பாவில் ஒரு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதால் பிரித்தானியர் பக்கம் போய்விட்டது. நிலுவைச் சம்பளம் தருவதும் பேரத்தில் ஒரு பகுதி. அதே வருடம் செப்டம்பரில் இந்தக் கோட்டையும் பிரித்தானியர் கைக்கு மாறியது. கூலிக்கு நிற்பவன் நன்றாகவே சண்டை பிடிப்பான். நிலுவை ஏறும் வரைக்கும்தான் அந்த உறுதி.

இரண்டாம் நாள்: கல்லடி வழியாகப் பாண்டிருப்பு

கல்முனை பஸ்ஸில் ஏறினால் கல்லடிப் பாலம், காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி என்று கரையோரமாகவே வரலாம். பாண்டிருப்பு கல்முனைக்குச் சற்று வடக்கே. இங்குள்ள திரௌபதை அம்மன் கோயிலில் பாரதக் கதை 18 நாள் சடங்காக நடந்து தீமிதிப்பில் முடியும். பாண்டவர் வேடம் ஏற்பவர்கள் நோன்பிருந்து, ஊர் முழுதும் பார்த்திருக்க நெருப்பில் இறங்குவார்கள்.

கூத்தும் அப்படித்தான். கூத்தின் ஒரு வகையான வடமோடியில் போர்க்கதைகள் அதிகம். அண்ணாவியார் மாதக்கணக்கில் பழக்கி, கடைசியில் களரியில் ஏற்றுவார். கர்ணன் செஞ்சோற்றுக் கடன் கழிப்பதையும் அபிமன்யு தனியே வியூகத்துக்குள் போவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, இறப்பதற்கு ஒரு அழகான வடிவம் ஏற்கெனவே தெரியும். இப்பகுதி முக்குவர் சாதியின் தாய்வழிக் குடிகளில் ‘படையாண்ட குடி’ என்று ஒன்று இருப்பதும் இந்த நினைவின் ஒரு துண்டு.

இதை வைத்து “எங்கள் இரத்தத்திலேயே வீரம்” என்று முடிவு கட்டுகிறவர்களோடு ஒத்துப்போக முடியாது. கூத்து தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வந்தது. பிள்ளைகள் தமிழ் ஆயுத இயக்கங்களுக்குப் போகத் தொடங்கியது 1980களில். காரணம் வேறு இடத்தில் இருக்க வேண்டும். சடங்கு கொடுத்தது வேறொன்று: ஊர் பார்த்திருக்க ஒருவன் முன்னே இறங்கினால், அடுத்தவன் பின்வாங்குவது கஷ்டம். பின்னாளில் புலிகள் இயக்கம் பள்ளிக்கூட வாசல்களிலும் சந்திகளிலும் வீதி நாடகம் போட்டபோது இதைத்தான் பயன்படுத்தியது. நாடகம் முடிந்த சூட்டில், வகுப்புத் தோழர்கள் முன்னிலையில், “யார் வருகிறீர்கள்?” என்று கேட்பது. தனியாக வீட்டில் கேட்டிருந்தால் எழுந்திருக்காத கை, அங்கே எழும்பும். ஆட்சேர்ப்புக்காரர் எந்த நாட்டிலும் ஆளைத் தனியே யோசிக்க விடுவதில்லை. ஒரு இரவு நித்திரை கொண்டு எழும்பினால் பாதிப் பேர் மனம் மாறிவிடுவார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

மூன்றாம் நாள்: படுவான்கரை

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படும் வரை இந்த இடத்தில் வாவியைக் கடக்க, ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகைத்தான் நம்ப வேண்டும். கடல் பக்கமான எழுவான்கரையில் கரையோரச் சந்தடி; மறுகரையான படுவான்கரையில் வயல், மாட்டுப் பட்டி, கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில். போராளிகளில் பெரும் எண்ணிக்கையினர் போனது இப்படிப்பட்ட ஊர்களிலிருந்துதான்.

போனதை நான்காகப் பிரித்துப் பார்க்காவிட்டால் எதுவும் விளங்காது. தமிழருக்கு எதிரான 1983 ஜூலை வன்முறைக்குப் பிந்திய அலை முதலாவது. அப்போது ஒருவர் எந்த இயக்கத்தில் சேர்ந்தார் என்பதைக் கொள்கை தீர்மானித்தது குறைவு. மச்சான் முறையானவர், டியூட்டரி நண்பர், ஊர் வாத்தியார், இவர்களில் யார் முதலில் வந்து கூப்பிட்டாரோ, யாரிடம் இந்தியாவுக்குப் போக வள்ளம் இருந்ததோ, அந்த இயக்கம். புளொட், ரெலோ, ஈபிஆர்எல்எஃப், ஈரோஸ், புலிகள் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகள் வெவ்வேறு இடங்களுக்குப் போனார்கள். 1986 ஏப்ரலில் புலிகள் ரெலோவை அழித்தபோது, எதிரியோடு சண்டை பிடிக்கப் போன பலர் கூடப் படித்தவன் கையால் செத்தார்கள். மிஞ்சியவர்களில் பலர் வீட்டுக்கு வந்தார்கள், இல்லையேல் நாட்டை விட்டுப் போனார்கள்.

இரண்டாவது, அரச படையினரின் படுகொலைகள் அனுப்பிய அலை. 1987 ஜனவரியில் மகிழடித்தீவு இறால் பண்ணை. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலைப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத 158 பேர். நான்கு நாள் கழித்துச் சத்துருக்கொண்டான். தகப்பனைக் கண் முன்னே கொண்டுபோன வீட்டில் அடுத்த மகன் ஏன் போனான் என்று விளக்கத் தேவையில்லை. பழி ஒரு பகுதிதான். சுற்றிவளைப்பில் பிடிபட்டால் எப்படியும் காணாமற்போவோம், துவக்கோடு இருந்தால் கொஞ்ச நாளாவது உயிரோடு இருப்போம் என்ற கணக்கு அதைவிட வலுவாக வேலை செய்தது. வீட்டில் இருப்பதும் முகாமில் இருப்பதும் ஒரே அளவு ஆபத்து என்றாகிவிட்டால், முகாம் பயம் தருவதில்லை.

இதே கணக்கு மற்றப் பக்கத்திலும் வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் விடுவது அநியாயம். 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். பின்பு ஏறாவூர். அதன் பிறகு முஸ்லிம் ஊர்களில் ஊர்காவல் படைக்கு ஆள் சேர்ப்பது எவருக்கும் சிரமமாக இருக்கவில்லை.

மூன்றாவது, வறுமையும் வீட்டுச் சிக்கலும். இது எல்லாக் காலத்திலும் ஓடிய நீரோட்டம். இரண்டாந்தாரம் கட்டிய தகப்பன், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போன தாய், பரீட்சையில் கிடைக்காத பெறுபேறு, விருப்பமில்லாத கலியாணப் பேச்சு. பெண் பிள்ளைகள் போனதற்குக் கடைசிக் காரணம் நினைப்பதை விடப் பெரிது. சோறு ஒழுங்காகக் கிடைக்கும் இடம் என்பதும் ஒரு காரணம்தான்.

நான்காவது, புலிகளின் ‘வீட்டுக்கொரு பிள்ளை’ கட்டளை. 2001இன் பிற்பகுதியிலிருந்து மட்டக்களப்பில் இது கடுமையானது. பெற்றோர் பிள்ளைகளை விடுதிகளுக்கும் கொழும்புக்கும் அனுப்பினார்கள். பதினாறு வயதில் கலியாணம் முடித்து வைத்தார்கள். இதைத் தொண்டர் படை என்று எழுதுகிறவர்கள், ஒளித்து வைத்த பிள்ளைக்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டு போன தகப்பன்மார்களின் கதையையும் எழுத வேண்டும்.

இனி, போனவர்களை நிறுத்திய முறை. வந்தவுடன் வீட்டுப் பெயர் போய் இயக்கப் பெயர் வரும். சில மாதம் அடிப்படைப் பயிற்சி. அந்தக் காலத்தில் வீட்டாரைப் பார்க்க விடுவதில்லை. பொறுப்பாளர் ‘அண்ணை’, ‘அக்கா’. பெண் பிள்ளைகளின் கூந்தல் கட்டையாக வெட்டப்படும். துவக்குச் சிக்காமல் இருக்க, பேன் வராமல் இருக்க என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். ஓடிப்போனால் சோதனைச் சாவடியில் அந்தத் தலையே காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மை. கழுத்தில் சயனைட் குப்பி, கூடவே இலக்கத் தகடு. ஓடியவர் பிடிபட்டால் தண்டனை, பிடிபடாவிட்டால் தம்பியையோ தங்கையையோ கொண்டுபோவார்கள். அன்பும் பயமும் ஒரே ஆளின் கையிலிருந்து கிடைத்தன. இரவில் போர்வை இழுத்துவிட்ட அக்காவே காலையில் தண்டனை ஓட்டம் கொடுப்பார். அந்த வயதுப் பிள்ளைக்கு அதுதான் வீடு.

நான்காம் நாள்: வாகரை, வெருகல்

ஏ15 வீதியில் வாழைச்சேனை தாண்டினால் வெயிலும் உப்புக்காற்றும். பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி, பிறகு வெருகல் ஆறு. முன்பு இந்த வழியில் ஆறுகளைப் பாதையில்தான் கடக்க வேண்டும், இப்போது பாலங்கள்.

2004 மார்ச் மாதத் தொடக்கத்தில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா, வடக்கே வன்னியில் இருந்த தலைமையிலிருந்து பிரிந்தார். ஏப்ரல் 9ஆம் திகதி, பெரிய வெள்ளியன்று, வன்னிப் படை வெருகலைக் கடந்தது. ஆற்றங்கரையில் ஒரு சிறு சண்டை. சில நாட்களுக்குள் ஆயிரக்கணக்கானோர் கொண்ட ஒரு படை இல்லாமற்போனது. வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், போய்விட்டார்கள். ஆனையிறவு வரை போய் அஞ்சாமல் சண்டை பிடித்த ஜெயந்தன் படையணியினர் இவர்கள். வீரம் குறைந்துவிடவில்லை. எதிரே நின்றவன் நேற்றுவரை ஒரே பங்கரில் படுத்தவன். அவனைச் சுட எந்தப் பயிற்சியும் அவர்களைத் தயார் செய்திருக்கவில்லை. பிடித்து வந்த பிள்ளைகளுக்கோ, வாசல் திறந்ததே பெரிய விடயம்.

படையியல் ஆய்வில் இதற்கு நேரான ஒரு பழைய விவாதம் உண்டு. இரண்டாம் உலகப் போரில் தோற்றுக்கொண்டிருந்த ஜேர்மன் படை ஏன் கடைசிவரை நின்றது என்று எட்வர்ட் ஷில்ஸும் மோரிஸ் ஜானோவிட்ஸும் 1948இல் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது: அரசியல் கொள்கையை விட, கூட இருந்த சிறு குழு. எட்டுப் பத்துப் பேர், அவர்களுக்குச் சாப்பாடு வருகிறது, தலைவன் தங்களோடு நிற்கிறான், ஒருவரை ஒருவர் தெரியும். இது இருக்கும் வரை நின்றார்கள். குழு சிதைந்ததும் சரணடைந்தார்கள். அமெரிக்கச் சிப்பாய்களிடம் அதே போரில் கேட்டபோது முதலிடத்தில் வந்த பதில், ‘வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போக’; அடுத்தது, தோழர்கள். தேசம், கொள்கை எல்லாம் வெகு கீழே.

பின்வந்த ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் காட்டினார்கள். ரஷ்ய முனையில் இழப்பு அவ்வளவு வேகம். குழு உருவாகுமுன்னே ஆட்கள் செத்தார்கள். ஆனாலும் சண்டை நிற்கவில்லை. அங்கே நிறுத்தியதில் ஊட்டப்பட்ட வெறுப்புக்கும் தண்டனைக்கும் பங்கு உண்டு: அந்தப் போரில் ஜேர்மன் படை தன் சொந்த ஆட்களில் 15,000க்கு மேற்பட்டோரைக் கொன்றது. எங்கள் ஊர் அனுபவம் இரண்டாவது கட்சிக்கும் சாட்சி சொல்கிறது. வெருகலில் உடைந்தது தண்டனைச் சங்கிலி. அது உடைந்த அந்த வாரமே, யார் விரும்பி நின்றார், யார் பயத்தில் நின்றார் என்பது வெளியே வந்துவிட்டது.

அதன் பிறகு நடந்தது கவனிக்கத்தக்கது. வன்னித் தலைமை ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டபோது மட்டக்களப்புத் தாய்மார் பிள்ளைகளைக் கொடுக்க மறுத்து வீதிக்கு வந்தார்கள். பின்பு பிரிந்த குழுவும் 2006இல் அதே ஊர்களில் பிள்ளைகளைப் பிடித்தது. வேறு கொடி, அதே வேலிப் படலை.

திருக்குறளின் படைமாட்சி அதிகாரம், ஒரு படை வெல்ல அதில் மூன்று இருக்கக் கூடாது என்கிறது: சுருங்கிப்போதல், தீராத வெறுப்பு, வறுமை. கிழக்குப் போராளிகளின் முறைப்பாடுகள் மூன்றையும் தொட்டன. வன்னிச் சண்டைகளுக்குக் கிழக்குப் பிள்ளைகள் போனார்கள், பொறுப்புகள் வடக்கிலேயே தங்கின என்பது அந்தத் தீராத வெறுப்பு.

ஐந்தாம் நாள்: அம்பாறை நகரம்

கல்முனையிலிருந்து காரைதீவுச் சந்தி, சம்மாந்துறை, பிறகு அம்பாறை. இடையில் வயல்வெளி மட்டும். சம்மாந்துறை வரை கடைப் பலகைகள் தமிழில். அதற்கப்பால் சிங்களம் முன்னே வரும். கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டத்தில் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் வாழும் பகுதி. இராணுவத்தின் போர்ப் பயிற்சிப் பாடசாலை ஒன்றும் இங்கே உண்டு.

இலங்கையில் கட்டாய இராணுவ சேவை இருந்ததேயில்லை. ஆகவே அரசு ஆளை இழுக்க வேண்டியிருந்தது. கிராமத்துச் சிங்கள இளைஞனுக்கு முன்னால் இருந்தவை: மழையை நம்பிய வயல், கட்டட வேலை, ஆடைத் தொழிற்சாலைக் காவல், இல்லையேல் இராணுவம். முதல் மூன்றிலும் மாதச் சம்பளம் நிச்சயமில்லை, ஓய்வூதியம் இல்லை. எல்லைக் கிராமங்களில் இன்னொரு காரணமும் சேர்ந்தது. ஊர்காவலர் தன் வீட்டு வாசலைத்தான் காத்தார். முதலில் கொடுத்தது வெறும் வேட்டைத் துவக்கு. 2006இல் அது சிவில் பாதுகாப்புத் திணைக்களமாகி மாதச் சம்பளம் நிலைத்தபோது, போர் முடிந்த பிறகும் ஆட்கள் விலகவில்லை.

சிப்பாயை நிறுத்தி வைப்பது 22 வருடக் கணக்கு. அத்தனை வருடம் முடித்தால்தான் சாதாரணச் சிப்பாய்க்கு ஓய்வூதியம். 19 வயதில் சேர்ந்தவன் 41இல் வெளியே வரலாம். எட்டாம் வருடத்தில் மனம் வெறுத்தாலும், ஏற்கெனவே எட்டுப் போட்டாயிற்று என்ற எண்ணம் கையைப் பிடிக்கும். சம்பளச் சீட்டைக் காட்டி எடுத்த வீட்டுக் கடன், சீருடையைப் பார்த்துப் பெண் கொடுத்த மாமனார், இவையும் சேர்ந்துகொள்ளும். காயப்பட்டவனுக்குத்தான் கணக்குப் பிழைத்தது. 12 வருடம் முடியுமுன் அவயவம் இழந்து விலகியவர்கள் ஓய்வூதியம் கேட்டு 2016 நவம்பரில் கொழும்பில் வீதியில் அமர்ந்தார்கள்; நீர்த்தாரை அடித்துக் கலைத்தார்கள்.

தப்பியோட்டம் பற்றி வெளியாருக்கு இருக்கும் படம் பிழை. சண்டைக்கு நடுவே துவக்கைப் போட்டுவிட்டு ஓடுவது அரிது. லீவில் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகாமல் விடுவதுதான் வழமை. காரணமும் சின்னது போலத் தெரியும்: மனைவிக்குச் சுகமில்லை, லீவு நீட்டிக் கேட்டான், அதிகாரி பேசினார், நாலு நாள் பிந்தினான், தண்டனைக்குப் பயந்து நாற்பது நாள் பிந்தினான். அதற்குப் பிறகு ஒளிந்திருப்பதே வாழ்க்கை. ஊரில் மேசன் வேலைக்குப் போவான், அடையாள அட்டை கேட்கும் இடத்துக்குப் போகமாட்டான். இவர்களுக்காகவே அரசு அடிக்கடி பொது மன்னிப்பு அறிவிக்கிறது. 2024இல் ஏப்ரல் 20 முதல் மே 20 வரை ஒன்று. நல்ல கம்பனித் தளபதி செய்யும் முதல் வேலை லீவுப் பட்டியலை ஒழுங்காக வைத்திருப்பது. உரை நிகழ்த்துவதை விட அது அதிக ஆட்களை நிறுத்தும்.

போர் முடிந்த பின் நிற்க வைப்பவை வேறு. ஐ.நா. அமைதிப் படைக்குப் போகும் வாய்ப்பு பெரிய இழுப்பு. 2018 ஜூலை முதல் ஐ.நா. ஒரு சிப்பாய்க்கு மாதம் 1,428 டொலர் அரசுக்குக் கொடுத்தது, அதில் வரும் படியில் வீடு கட்டியவர்கள் உண்டு. இராணுவத்தை 2030க்குள் ஒரு இலட்சமாகக் குறைக்கப் போவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள். வெளியே வருகிறவனுக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். 2024இல் ஓய்வுபெற்ற சிப்பாய்கள் ரஷ்ய – உக்ரேன் போர்முனைக்கு அனுப்பப்பட்டது தெரியவந்து பாதுகாப்பு அமைச்சு விசாரணை தொடங்கியது. சமையல் வேலை, காவல் வேலை, பெரிய சம்பளம், குடியுரிமை என்று முகவர்கள் சொன்னார்கள். காசு கட்டிப் போனவர்கள் பதுங்கு குழியில் இறக்கப்பட்டார்கள். புளியந்தீவுக் கோட்டையில் நின்ற ஜேர்மன் ஏழையின் கடன் சீட்டு இன்று விமானச் சீட்டாக வருகிறது.

ஆறாம் நாள்: திருக்கோவில், கஞ்சிகுடிச்சாறு

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே திருக்கோவில். அங்கிருந்து உள்ளே காட்டோரம் கஞ்சிகுடிச்சாறு. இங்கே ஒரு துயிலும் இல்லம், அதாவது இறந்த புலிகளின் கல்லறைத் தோட்டம் இருந்தது. மட்டக்களப்பில் தரவை, தண்டியடி, மாவடிமுன்மாரி. 2007இல் கிழக்கு முழுதும் இராணுவத்தின் கைக்கு வந்த பின் இந்தக் கல்லறைகள் இடிக்கப்பட்டன. மாவீரர் நாளான நவம்பர் 27ஆம் திகதி மாலை 6.05க்கு விளக்கேற்றத் தாய்மார் இன்றும் வருகிறார்கள்.

பெயரும் இலக்கமும் பொறித்த கல், வருடத்தில் ஒரு நாள் தாய்க்கு அழ ஓரிடம். இது உயிரோடிருந்த போராளிக்கும் கொடுக்கப்பட்ட வாக்கு: நீ செத்தால் உன்னை வீதியில் விடமாட்டோம். சங்க கால நடுகல்லும் இதே வாக்கைத்தான் கொடுத்தது. சிங்கள ஊர்ச் சந்திகளில் சிப்பாயின் பெயரில் கட்டிய பஸ் தரிப்பிடமும் அதையே கொடுக்கிறது. படை எதுவானாலும் இந்த வாக்கு இல்லாமல் ஆள் நிற்பதில்லை. கல்லை இடிப்பவன் செத்தவனை ஒன்றும் செய்துவிட முடியாது, தாயைத்தான் அடிக்கிறான்.

இந்தப் பகுதிகளில் முன்னாள் போராளிகளிடமோ சிப்பாய்களிடமோ பேசப் போகிறவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள். “ஏன் சேர்ந்தீங்க?” என்று எடுத்தவுடன் கேட்டால், மேடைப் பதில்தான் வரும்: இனத்துக்காக, நாட்டுக்காக. அது பொய்யில்லை, பல வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். “அண்டைக்கு யாரோட போனீங்க? வீட்டில அப்ப யார் இருந்தது? முதல் ராத்திரி எங்க படுத்தீங்க, என்ன சாப்பிட்டீங்க?” என்று கேளுங்கள். ஆளும் இடமும் வந்தால் காரணம் தானாக வரும். நிற்பதைப் பற்றிக் கேட்க, “திரும்பி வர நினைச்சது எப்ப? அப்ப யார் மறிச்சது?” பெண்களிடம் பெண்ணே கேட்பது நல்லது, மாமியார் பக்கத்தில் இருக்கும்போது கேட்கவே வேண்டாம், கலியாணம் கட்டிய வீட்டுக்கு இயக்கத்தில் இருந்தது தெரியாத பெண்கள் இருக்கிறார்கள். பதினெட்டுக்குக் கீழே பிடித்துப் போகப்பட்டவரிடம் சண்டைக் கதை கேட்காதீர்கள். இயக்கப் பெயரும் படையணியும் ஊரும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டால் ஆளைக் கண்டுபிடிப்பது லேசு. அவற்றைத் தனித்தனியாக வையுங்கள், முகத்தைப் படம் எடுக்காதீர்கள். அரசின் புனர்வாழ்வு முகாம்களில் இருந்து வந்த முன்னாள் போராளிகளை இன்றும் விசாரிக்க வருகிறார்கள். நீங்கள் வந்துபோன மறுநாள் கேள்வி கேட்கப்படுவது அவர்களிடம்தான்.

திருக்கோவிலிலிருந்து அக்கரைப்பற்றுக்கு மாலையில் பஸ் குறைவு. பேச்சு நீளும் என்று தெரிந்தால் காலையிலேயே போய்ச் சேருங்கள்.